கட் சொல்லும் வரை

...தூங்குகிற மனிதனைப் பார்க்க வயது வரம்பு கிடையாது, கைக்குழந்தைகூடப் பார்க்கலாம், ஆனால் அதே மனிதன் அதே கட்டிலில் அதே போர்வைக்குள் அதே மாதிரி வாயை லேசாகத் திறந்து படுத்திருக்க, கீழே 'இவர் இறந்துவிட்டார்' என்று ஒரு வரி எழுத்து ஓடினால் போதும், உடனே பன்னிரண்டு வயதுக்கு மேல், கூடவே யாராவது தலையில் அடித்துக்கொண்டு அழுதால் பதினாறுக்கு மேல், என்ன கணக்கோ இது, மனிதன் என்னவோ அசையாமல் ஒரே மாதிரிதான் கிடக்கிறான், பார்க்கிறவனுக்குத்தான் வயது ஏறிக்கொண்டே போகிறது... இப்படி எடிட்டிங் அறையின் மூலைக் கணினி முன்னால் உட்கார்ந்து அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், நினைத்துக்கொண்டிருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அது பாட்டுக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அவள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, இருக்கிறது என்று தெரியும், தொட்டால் யாருடைய உதடோ மாதிரி இருக்கும், அப்பா போனதிலிருந்து உடம்பு முழுக்க அவளுக்கு அப்படித்தான் இருக்கிறது. மேஜையில் வயது வரம்புச் சீட்டு கிடந்தது. மூன்று கட்டங்கள், அனைவரும், பன்னிரண்டுக்கு மேல், பதினாறுக்கு மேல். ஐந்து மணிக்குள் ஒரு நிமிட டிரெயிலரையும் சீட்டையும் மேடத்திடம் கொடுத்தாக வேண்டும்.

சனிக்கிழமை கல்லூரியில் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள், கடைசி வருட மாணவர்களின் டிரெயிலர்கள் எல்லாம் பெரிய அரங்கில் வரிசையாக ஓடும், படங்கள் அடுத்த மாதம்தான், அதற்கு வாசலில் வயது பார்த்து உள்ளே விடுவார்கள், டிரெயிலருக்கு அப்படி முடியாது, ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது நடுவில் எந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யார் வெளியே ஓடுவது, அதனால் படம் எப்படி இருந்தாலும் டிரெயிலர் 'அனைவரும்' கட்டத்துக்குள் வந்தாக வேண்டும், இது மேடம் போட்ட சட்டம். போன வருடம் ஒருவன் கசாப்புக் கத்தியை இரண்டு விநாடி காட்டிவிட்டு, முன்வரிசையில் ஒரு பாப்பா வீறிட்டதில் மொத்த அரங்கும் டிரெயிலரை விட்டுவிட்டு பாப்பாவைப் பார்த்ததாம். "பார்வையாளர் யாருன்னு கேட்டா எல்லாரும்னு சொல்லாதீங்க, எல்லாரும்னா யாருமே இல்லன்னு அர்த்தம்," என்று மேடம் வகுப்பில் சாக்பீஸை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், "ஒரே ஒரு ஆள நெனச்சுக்கோங்க. அவங்க எங்க உக்காந்திருக்காங்க, மடியில என்ன இருக்கு, எந்த எடத்துல முகத்தத் திருப்பிக்குவாங்க, அத நெனச்சு வெட்டுங்க." அவள் நினைத்துக்கொண்டாள், வேறு யாரை நினைப்பது, மூன்றாவது வரிசை, மடியில் கைப்பை, கைப்பைக்குள் கண்ணாடிக் கூடு, படம் தொடங்குவதற்கு முன்பே கண்ணாடியை நாலு தடவை துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு ஐம்பத்து மூன்று, எல்லா வயது வரம்பையும் தாண்டியவள், சட்டப்படி அவளுக்கு எதையும் காட்டலாம். காட்டலாம்தான்.

காலையில் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் அம்மா கேட்டாள், கதவில் சாய்ந்து, சும்மா கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "டிரெயிலர்ல அப்பா வருவாரா?" தெரியலம்மா, இன்னும் வெட்டல. "வர்ற மாதிரி பாரு. மேல்வீட்டு அக்காவையும் வரச் சொல்லியிருக்கேன், அவ பொண்ணுக்கு ஏழு வயசு, உள்ள விடுவாங்கல்ல? அப்பா தூங்குற சீனுன்னு சொல்லியிருக்கேன், அது ஒரே சிரிப்பு." தூங்குற சீன். இதுதான் அப்பா வீட்டில் வந்து அவிழ்த்துவிட்ட கதை, படப்பிடிப்பு முடிந்த அன்று, கை கழுவிக்கொண்டே, "எனக்கு என்ன வேஷம் தெரியுமா, தூங்குற வேஷம், முப்பது வருஷ அனுபவம்னு சொன்னேன், உடனே எடுத்துக்கிட்டாங்க," என்று. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள், பிணமாக நடித்ததை அம்மாவிடம் சொன்னால் வாசலில் நிற்கவைத்துத் தலையோடு தண்ணீர் ஊற்றியிருப்பாள் என்று அவளுக்கும் தெரியும் அப்பாவுக்கும் தெரியும், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். அது ஒரு விளையாட்டு ரகசியம், என்றைக்காவது போட்டு உடைத்துச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தது, உடைப்பதற்குள் அப்பா ஒரு காலை பல் தேய்க்கும்போது வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார், குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான், பிரஷ்கூடக் கையில்தான் இருந்தது. இப்போது அதை எப்படி உடைப்பது, யாரிடம் உடைப்பது?

அப்பா நடிக்கவே வரவில்லை, அதுதான் வேடிக்கை. கட்டிலுக்குப் போர்வையும் மேஜை விசிறியும் வேண்டும் என்றதற்கு வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார், காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை பஸ்ஸில் இறக்கிவிட்டு, மாலை மறுபடி ஏற்றுகிறவரைக்கும் கிடைக்கிற இடைவெளியில், காக்கிச் சட்டையோடு. பிணமாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த நாடகக்காரர் அன்றைக்குப் பார்த்து, வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று போனை அணைத்துவிட்டார். அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, கேமரா பிடிக்கிற ஒல்லிதான் ஆரம்பித்தான், "அங்கிள், நீங்களே படுத்துடுங்களேன்." அப்பா அவளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது, முகவெட்டும் பொருத்தமாக இருந்தது, கன்னம் கொஞ்சம் ஒட்டி. "படுக்கிறதுதானே, இதுக்கு ஒரு நடிப்பா," என்று சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறினார். கதையே அதுதான், காலையில் தூக்கத்தில் செத்துப்போன ஒரு மனிதர், வீட்டில் எல்லோரும் அவர் அசந்து தூங்குகிறார் என்று நினைத்து நாள் முழுக்க நுனிவிரலில் நடக்கிறார்கள், பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கிறார்கள், அவர் செத்தது பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். கதை எழுதியபோது மேடம் தட்டிக்கொடுத்தாள், உனக்குள்ள ஒரு விஷயம் இருக்கு என்றாள். என்ன விஷயமோ. இருந்தால் இப்போது எங்கே போயிற்று?

வீட்டுக் கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த அன்று அவள் அழவில்லை, அதை எல்லோரும் கவனித்தார்கள், கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு என்று பெரியம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது, அழ வையுங்க, அழ வையுங்க என்று ஆளாளுக்குத் தோளை உலுக்கினார்கள். அவள் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் அடிப்பார்கள். லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு நேர் மேலே டியூப்லைட், முகம் தட்டையாக இருந்தது, என் ஷாட்டில் ஜன்னல் வெளிச்சத்தை வெள்ளை அட்டையில் அடித்துத் திருப்பி எவ்வளவு அழகாக இருந்தது, இது என்ன இது, யார் இந்த லைட்டைப் போட்டது... அதற்குப் பிறகு வயிறு. கண்ணை எடுக்காமல் வயிற்றையே பார்த்தாள், போர்வை ஏறுகிறதா, இறங்குகிறதா. ஒரு டேக் முழுக்கப் பார்த்தாள். அசையவே இல்லை. சபாஷ் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்தே வந்தது, அதை இப்போது இல்லை என்று சொல்லி என்ன பயன், அதற்குப் பிறகுதான் உதடு மரத்துப்போனது.

சரி, வேலையைப் பார். அவள் காட்சிகளை வரிசையாக வைத்தாள். விரலில் நடக்கும் கால்கள், அனைவரும். பாத்திரம் கைநழுவி விழப் பார்க்கிறது, மருமகள் பிடித்துவிடுகிறாள், அனைவரும், ஏழு வயதுப் பாப்பா இதற்குச் சிரிக்கும். வாயில் விரல் வைத்து உஷ் என்கிற குழந்தை, அனைவரும். கட்டிலில் அப்பா, நான்காவது டேக்... அங்கே கை நின்றது. படத்தில் இருக்கிற பன்னிரண்டு விநாடியும் அந்த டேக்தான், மெழுகு மாதிரி, கழுத்தில் நரம்புகூடத் துடிக்கவில்லை. காலையில் மேடம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "இது டிரெயிலர்ல வேண்டாம்மா. எழுத்தே போடாட்டியும் தெரியுது. கொழந்தைங்களுக்குக்கூடத் தெரியும்." அப்புறம் மேடம் அவள் தோளில் கை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மேடம் கண் கலங்கியிருந்தாள். அவளுக்கு மேடத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தனக்காக மற்றவர்கள் அழுவதைப் பார்க்கும்போது, வரிசையில் தன் இடத்தில் யாரையோ நிற்க வைத்துவிட்டு வந்த மாதிரி ஒரு கூச்சம். எடுத்துவிடலாமா, அப்பா இல்லாமலே டிரெயிலரை முடித்துவிடலாமா, ஆனால் மூன்றாவது வரிசையில் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, வருவாரா வருவாரா என்று, ஒரு நிமிடம் ஓடி முடிந்து அடுத்த பையனின் டிரெயிலர் ஆரம்பித்த பிறகும் இன்னும் வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பாளே. வைத்தால் அம்மா இன்னொரு தடவை அவரைக் கிடத்திப் பார்க்க வேண்டும், அதுவும் அரங்குச் சுவர் உயரத்துக்கு. வைக்காவிட்டால் இன்னொரு தடவை அவர் இல்லை. இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

முதல் டேக் நினைவுக்கு வந்தது அப்போதுதான். கெட்டுப்போன டேக். முதல் மூன்றும் கெட்டவைதான், அப்பாவால் வயிற்றை அடக்க முடியவில்லை, எல்லாவற்றிலும் போர்வை ஏறி ஏறி இறங்கியது, அவள் உடனே உடனே நிறுத்தச் சொன்னாள். மூன்றையும் 'வேண்டாதவை' என்ற கோப்புறையில் போட்டு வைத்திருந்தாள், அழிக்கவில்லை, சோம்பேறித்தனம்தான், வேறொன்றுமில்லை. திறந்தாள். சத்தத்தை அணைத்தே வைத்திருந்தாள், அந்தக் காட்சிக்கு எப்போதும் அப்படித்தான், படத்தில் விசிறிச் சத்தம் மட்டும்தான் வரும், அது தனியாகப் பதிந்தது, கேமராவோடு ஒட்டி வந்த பேச்சை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. திரையில் அப்பா படுத்திருந்தார். போர்வை ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. அன்றைக்கு எரிச்சலாக இருந்த அதே மூச்சு. அவள் அதை அளந்து வெட்டினாள், மூன்று மூச்சு வருகிற அளவுக்கு, உஷ் என்கிற குழந்தைக்கு அடுத்து வைத்தாள். அட. அவ்வளவுதான், ஒரு மனிதர் அசந்து தூங்குகிறார், வீடே அவருக்காக விரலில் நடக்கிறது, சிரிப்புப் படம். அப்பா அம்மாவிடம் சொன்ன பொய் திரையில் நிஜமாகிவிட்டது.

டீ கொண்டுவந்த ஒல்லி பின்னால் நின்று முழுதும் பார்த்தான். "படத்துல செத்தவரு டிரெயிலர்ல தூங்குறாரே டைரக்டரே, ஏமாத்து வேலை இல்லையா?" டிரெயிலர்னாலே ஏமாத்து வேலைதானடா. "அதுவும் சரிதான்," என்றான். டீயை வைத்துவிட்டு, "மூச்சு நல்லா தெரியுது," என்றான், யாருக்கோ சொல்கிற மாதிரி, அப்படியே அடுத்த கணினிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மேடம் வந்து பார்த்தாள், இந்தத் தடவை தோளைத் தொடவில்லை, தொழில்காரியாகப் பார்த்தாள். "அனைவரும். தாராளமா. ஆனா கடைசில படத்து பேரு வந்ததும் பொசுக்குனு முடியுது, அதுக்கப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு வை. அப்பா எழுந்து உக்காருற மாதிரி ஏதாவது இருக்கா? கொழந்தைங்க கை தட்டும்." சீட்டில் முதல் கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அப்பா எழுந்து உட்காருகிற மாதிரி. இருக்கும், ஏன் இல்லாமல், எல்லா ஷாட்டின் வாலிலும் அது இருக்கும், கட் என்றதும் ஆட்கள் உடம்பைத் தளர்த்தி அசடு வழிந்து எழுந்து உட்காருவார்கள், கேமராவை அணைக்கிறதுக்குள் அதுவும் பதிந்துவிடும். கெட்ட டேக்குகளில் அவர் எழவில்லை, அடுத்ததுக்காகப் படுத்தபடியே இருந்தார். எழுந்தால் நான்காவதில்தான், ஓகே ஆனதில்தான். அந்த டேக்கை அவள் முழுதாகப் பார்த்ததே இல்லை, பன்னிரண்டு விநாடியை வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட் என்ற சொல் எங்கே விழுகிறதோ அதற்கு அடுத்து அப்பா எழுவார், காதால் தேடினால் சுலபம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தைத் திறந்தாள்.

முதலில் விசிறி. நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அவள் குரல், எவ்வளவு கறாராக, "அப்பா, வயிறு ஏறி எறங்குதுப்பா, ஷாட்டே போச்சு." அப்பாவின் குரல், படுத்துக்கொண்டு பேசுகிற குரல், தொண்டையில் கொஞ்சம் சிரிப்போடு, "சாப்பிட்ட வயிறும்மா, ஏறித்தான் எறங்கும்." யாரோ சிரிக்கிறார்கள், ஒல்லியாக இருக்கும். "விளையாடாதீங்கப்பா. மூச்சே விடக் கூடாது." "எவ்வளவு நேரம்?" "நான் கட் சொல்ற வரைக்கும்." "சரிம்மா," என்றார் அப்பா. ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு விசிறி மட்டும்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் வருகிற பன்னிரண்டு விநாடி வந்தது, போனது. அப்பா அசையவில்லை. இப்போது சொல்வேன், இதோ இப்போது என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. ஞாபகம் வந்தது, அன்றைக்கு மானிட்டரில் அந்த முகத்தைப் பார்த்து அசந்து நின்றாள், என்ன ஒரு ஷாட், இன்னும் கொஞ்சம் போகட்டும், இன்னும் கொஞ்சம்... அப்பாவின் முகம் லேசாக நிறம் மாறுவது இப்போது தெரிந்தது, கழுத்தில் ஒரு நரம்பு தடிப்பது தெரிந்தது, போர்வைக்கு வெளியே கால் கட்டைவிரல் மட்டும் ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தது, ஆனாலும் வயிறு அசையவில்லை, மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு கிடக்கிறார், விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது, அவள் குரல் வரவே இல்லை, திடீரென்று ஒல்லியின் குரல், "ஐயோ, மெமரி கார்டு ஃபுல்," படம் அப்படியே அறுந்தது. கடைசி ஃபிரேமில் அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவள் மறுபடி ஓட விட்டாள். மறுபடியும் அதே இடத்தில் அறுந்தது. ஒரு காதை மட்டும் திறந்து, "டேய், அப்பா ஷாட்டுல நான் கட் சொன்னேனா?" என்று கேட்டாள். ஒல்லி திரும்பாமலே யோசித்தான். "கார்டு ஃபுல்லாச்சு, எல்லாரும் கேமராகிட்ட ஓடிவந்தோம், ஷாட் பதிஞ்சிருக்கான்னு பாத்தோம். பதிஞ்சிருந்துச்சு. நீ ஓகே ஓகேன்னு குதிச்ச." அப்புறம்? "அப்புறம் லைட்ட கழட்டினோம். அங்கிள் எப்ப எந்திரிச்சாருன்னு நான் பாக்கல." அவளும் பார்க்கவில்லை. அடுத்து நினைவிருப்பது, அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பிள்ளைங்க காத்திருக்கும், வரட்டுமா என்றது மட்டும்தான். நடுவில் எவ்வளவு நேரம் முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள், அவ்வளவு நேரமும் அவர்...

போன் அதிர்ந்தது. அம்மா. "குடுத்துட்டியா? மேல்வீட்டு அக்கா கேட்டுட்டே இருக்கா, வயசு என்ன போட்டாங்க?" அனைவரும்மா, பாப்பாவையும் கூட்டிட்டு வரலாம். "அப்பா வர்றாரா?" வர்றாரும்மா, தூங்குறாரு, நல்லா மூச்சு விட்டுத் தூங்குறாரு. அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது, பிறகு, "எந்திரிக்கிற மாதிரி வருமாடி?" என்று கேட்டாள், சின்னக் குரலில்.

"இல்லம்மா," என்றாள் அவள். "நான் கட்டே சொல்லல."

"என்ன சொல்லல?" என்றாள் அம்மா, பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், "சரி சரி, நேரத்தோட வா," என்று வைத்துவிட்டாள். அவள் போனைச் சீட்டின் மேல் வைத்தாள். ஐந்தாகக் கொஞ்சம் நேரம் இருந்தது. திரையில் கடைசி ஃபிரேம் அப்படியே நின்றது. அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தாள், உதடு எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, தொட்ட இடம் ஈரமாக இருந்தது, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.